ஓவர்கிளாக் செய்கிற கம்ப்யூட்டருக்கு எந்த ஸ்பீடு ரேம்?

போன மே மாதம் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற என் சித்தி பையன் போன் பண்ணினான். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். "அண்ணா, ராத்திரி முழுக்க நல்லா ஓடுது, மதியம் ரெண்டு மணி ஆனா ப்ளூ ஸ்க்ரீன் வருது, விண்டோஸை ரெண்டு தடவை புதுசா போட்டுட்டேன்" என்றான். மூணாவது தடவை போடாதே, நான் வரேன் என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை முத்தியால்பேட்டையில் இருந்து வண்டியை எடுத்தேன்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு அறை, ஏசி கிடையாது, கிழக்கு ஜன்னல் ஒன்றுதான். மேஜைக்கு அடியில் ஏஎம்டி ப்ராசஸர் ரைசன் 7 5700எக்ஸ், மிதமாக ஓவர்கிளாக் செய்தது, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றியது. நாலு ஸ்லாட்டிலும் 8 ஜிபி ரேம் ஸ்டிக், பெட்டியில் 3600 என்று போட்டது. முதலில் ரெண்டு வாங்கியிருக்கிறான், முகூர்த்த சீசன் ஆரம்பிக்கும் முன்னால் அதே மாடலில் இன்னும் ரெண்டு. பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்தில் ரேமை ஓட்டும் ரெடிமேட் செட்டிங்கை, ஆன் செய்தான், விண்டோஸும் 3600 என்று காட்டியது, சரி வேலை முடிந்தது என்று விட்டுவிட்டான். எனக்கு ஒரு ஃபைலைத் திறந்து காட்டினான்: தாலி கட்டுகிற ஷாட்டில், ஒரே ஒரு ஃப்ரேமில், மணப்பெண்ணின் தோளுக்குக் குறுக்கே விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு. கேமரா ஃபைலில் அது இல்லை, ரெண்டர் ஆகி வந்த ஃபைலில் இருக்கிறது. ப்ளூ ஸ்க்ரீனைவிட அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"எந்த ஸ்பீடு ரேம் வாங்கறது?" என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. பெட்டியின் மேல் இருக்கிற எண்ணில் பெரியதாகப் பார்த்து வாங்குவதுதான் பலர் செய்வது. என் பதில் வேறு. உங்கள் ப்ராசஸரின் மெமரி கன்ட்ரோலர் (ரேமோடு பேசுகிற பகுதி) எந்த வேகம் வரைக்கும் ரேமோடு காலுக்குக் கால் சேர்ந்து நடக்கும் என்று பாருங்கள், அந்த வேகத்தில் நானோ செகண்ட் குறைவாக வரும் ஸ்டிக்கை வாங்குங்கள், அப்புறம் உங்கள் அறையின் மே மாத மதியத்தில் அது பிழையில்லாமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள், ஓடவில்லை என்றால் ஒரு படி இறங்குங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த எண். டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை, அடுத்தது டிடிஆர்5) 3200 என்றால் ஒரு செகண்டில் 320 கோடி தடவை டேட்டா கைமாறுகிறது என்று அர்த்தம். உள்ளே ஓடும் கிளாக் அதில் பாதி, 1600 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் டேட்டா போவதால்தான் இரட்டிப்பு. சிபியு-இசட் சாஃப்ட்வேரில் 1600 என்று பார்த்துவிட்டுக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, அதுதான் 3200. ஒவ்வொரு தடவையும் 8 பைட் போகும், ஆகவே ஒரு சேனலுக்கு (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே டேட்டா போகிற பாதை) செகண்டுக்கு 25.6 ஜிபி, ரெண்டு சேனலுக்கு 51.2 ஜிபி. ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக்கைப் போட்டு மெஷினைக் கட்டிக் கொடுத்தால் ஒரு சேனல் காலி, இதில் பாதி அப்படியே போச்சு. 3200-ஆ 3600-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டைமிங். சிஎல் 16, சிஎல் 18 என்று எழுதியிருப்பார்களே, அது துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு வரிசையைத் திறந்து வைத்திருக்கும்போது, 'இந்த டேட்டா வேணும்' என்று கேட்டதில் இருந்து முதல் துண்டு வெளியே வரும் வரை எத்தனை துடிப்பு என்பது. துடிப்பின் நீளம் வேகத்துக்கு வேகம் மாறும் என்பதால் இந்த எண்ணைத் தனியாக வைத்து ஒப்பிட முடியாது, நானோ செகண்டாக மாற்றித்தான் பார்க்க வேண்டும். கணக்கு சுலபம்: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ஸ்பீடால் வகுத்தால் போதும். 3200 சிஎல் 16 என்றால் 10 நானோ செகண்ட். 3600 சிஎல் 18 என்றாலும் 10. டிடிஆர்5-இல் 6000 சிஎல் 30 என்றாலும் அதே 10. ஆனால் 3200 சிஎல் 22 என்று சாதாரண ஸ்டிக் வரும், அது 13.75. டிடிஆர்5 4800 சிஎல் 40 என்றால் 16.67. புதிய டிடிஆர்5 வாங்கியும் கேட்டதும் கொடுக்கும் விஷயத்தில் பழைய டிடிஆர்4-க்குப் பின்னால் நிற்கலாம் என்பது இப்படித்தான்.

இந்தப் பத்து நானோ செகண்ட் முழுக் கதை இல்லை. ப்ராசஸர் கேட்டு, கன்ட்ரோலர் வழியாகப் போய், ரேம் கொடுத்து, திரும்பி வருவதற்கு நல்ல டெஸ்க்டாப்பில் மொத்தம் அறுபது எழுபது நானோ செகண்ட் ஆகிறது. 4.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு எழுபது நானோ செகண்ட் என்பது முந்நூறு துடிப்புக்கு மேல். அவ்வளவு நேரம் அது சும்மா காத்திருக்கிறது. ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யும்போது என்ன நடக்கிறது என்றால், காத்திருக்கிற நேரம் அப்படியே இருக்க, வீணாகிற துடிப்புகள் கூடுகின்றன. ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கு ரேம் வேகம் மற்றவர்களைவிடக் கூடுதலாக முக்கியமாவது இதனால்தான்.

இப்போது நான் மேலே சொன்ன காலுக்குக் கால் விஷயம். வீட்டுக்குத் தளம் போடும்போது பார்த்திருப்பீர்கள், கீழிருந்து மாடி வரை ஆட்கள் வரிசையாக நின்று ஜல்லிக் கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் வாங்கிக் கொடுத்தால் சட்டி நிற்காமல் போகும். ஒருவர் மட்டும் வேகமெடுத்தால் என்ன ஆகும்? அடுத்தவர் கை நீட்டும் வரை சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரைசன் 3000, 5000 வரிசையில் ரேம் கிளாக், மெமரி கன்ட்ரோலர், உள்ளே சிப்லெட்டுகளை (ப்ராசஸருக்குள் இருக்கும் குட்டிச் சிப்புகள்) இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் மூன்றும் ஒரே துடிப்பில் ஓடும்போதுதான் தாமதம் குறைவு. ஃபேப்ரிக் பெரும்பாலான சிப்புகளில் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், நல்ல சிப் கிடைத்தால் 1900. 1800-ஐ இரட்டித்தால் 3600. 3600 என்ற எண் அந்தத் தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். அதே போர்டில் 4000 ரேம் போட்டு ஆட்டோவில் விட்டால் கன்ட்ரோலர் ரேமின் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், பெட்டியில் எண் பெரிதாக இருந்தும் தாமதம் கூடும். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட மெஷின்களை நான் நிறையத் திறந்திருக்கிறேன்.

ஒரே துடிப்பில் ஓட்டுகிற இந்த 1:1 பேச்சு ரைசனோடு வந்தது இல்லை. 2007 வாக்கில் இன்டெலின் கோர் 2 க்வாட் க்யூ6600 வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: பஸ் எனும் அடிப்படை கிளாக் 266-ஐ மல்டிப்ளையர் ஒன்பதால் பெருக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 333-க்கு ஏற்றினால் 3.0. ஆனால் பஸ்ஸை ஏற்றினால் கூடவே ரேமும் ஏறும், 1:1-இல் வைத்தால் டிடிஆர்2 667 ஆகும், பஸ் 400-க்குப் போனால் 800 ஆகும். அப்போது வேகமான ரேம் வாங்கியதற்குக் காரணமே வேறு, ப்ராசஸரை ஏற்றும்போது ரேம் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான். 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வந்ததும் அடிப்படை கிளாக் 100-இல் கட்டப்பட்டு, கே சிப்பில் (பெயர் கே என்று முடிகிற, ஓவர்கிளாக்குக்குத் திறந்துவிட்ட சிப்) மல்டிப்ளையரை மட்டும் ஏற்றுகிற வழக்கம் வந்தது, ரேம் தனி குமிழ் ஆகிவிட்டது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அந்தக் காலத்துக் கணக்கில் ஆலோசனை சொல்கிறார்கள், அதை இன்றைய போர்டில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்டெலில் 11-ஆம் தலைமுறையில் இருந்து இதற்குப் பெயர் கியர். கியர் 1 என்றால் கன்ட்ரோலரும் ரேமும் ஒரே துடிப்பு, கியர் 2 என்றால் கன்ட்ரோலர் பாதி. டிடிஆர்4 போர்டில் 3200, 3600 அளவில் கியர் 1-இல் நிற்கிறதா என்று பயாஸில் பாருங்கள், 4000-இல் கியர் 2-க்குத் தள்ளப்பட்டால் பெரும்பாலான வேலைகளில் அதனால் லாபமில்லை. கே இல்லாத சிப்பில் 12-ஆம் தலைமுறையில் இருந்து கன்ட்ரோலரின் வோல்டேஜைக் கை வைக்க விடுவதில்லை, 3600-இல் கியர் 1 பிடிக்காமல் போவது சகஜம். டிடிஆர்5 என்றால் நடைமுறையில் கியர் 2-தான், அங்கே வேகத்தை ஏற்றுவதற்கு அர்த்தம் உண்டு. இன்னொன்று, எச்610 போர்டு வாங்கிவிட்டு 3600 ரேம் தேடாதீர்கள். அந்தச் சிப்செட்டில் மெமரி ஓவர்கிளாக் கிடையாது, 3200-இல்தான் ஓடும். பி560-இல் இருந்து பி வரிசைப் போர்டுகளில் உண்டு.

ரைசன் 7000, 9000 எடுத்தால் ஏஎம்டி-யே சொன்ன நல்ல புள்ளி 6000. அதிகாரபூர்வமாக 7000 வரிசைக்கு 5200-தான், 9000-க்கு 5600. ஆனால் 6000-இல் ரேமும் கன்ட்ரோலரும் 3000 மெகாஹெர்ட்ஸில் ஒன்றாக ஓடுவது பெரும்பாலான சிப்புகளுக்கு முடிகிறது. இங்கே ஃபேப்ரிக் 2000 பக்கம் தனியாக ஓடும், பழைய தலைமுறை மாதிரி மூன்றையும் கட்டிப்போட வேண்டியதில்லை. 6400-இல் ஒன்றாக ஓடுவது சிப்பின் அதிர்ஷ்டம். 7200 வாங்கினால் கன்ட்ரோலர் பாதிக்கு இறங்கும், அந்த நஷ்டத்தை ஈடுகட்டவே இன்னும் மேலே போக வேண்டும். 6000 சிஎல் 30 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், சிஎல் 36 மட்டும் கையில் கிடைத்தால் அதுவும் 12 நானோ செகண்ட்தான், அழ வேண்டியதில்லை.

யாருக்கு இதெல்லாம் தெரியும்படி பலன் கொடுக்கும்? கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் 5600ஜி, 8600ஜி மாதிரி சிப்பில் விளையாடுகிறவர்களுக்குத்தான் முதலில். அதன் கிராஃபிக்ஸ் இந்த ரேமையே தின்கிறது, அங்கே ஒவ்வொரு படியும் ஃப்ரேமில் தெரியும். 1080பி-யில் நல்ல கார்டு வைத்து வேகமான விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அடுத்தபடியாக. பெரிய ஃபைலை ஜிப் போடுகிற வேலைக்கும் உண்டு. 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி வரிசையில் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இருப்பதால் ரேமிடம் போகிற தேவையே குறைகிறது, அதற்கு விலை உயர்ந்த ரேம் வாங்குவது வீண். என் சித்தி பையன் செய்கிற வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கோ, கோர்களும் கிராஃபிக்ஸ் கார்டும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன, 3200-க்கும் 3600-க்கும் வித்தியாசம் சொற்பம். அவனுக்கு வேண்டியது அளவு. 16-இல் இருந்து 32-க்குப் போனதை நான் குறை சொல்லவில்லை, போன விதம்தான் பிரச்சினை.

நாலு ஸ்டிக். இங்கே நம் ஊரில் முதலில் ரெண்டு, காசு சேர்ந்ததும் ரெண்டு என்றுதான் வாங்குகிறோம், நானும் அப்படி வாங்கியவன்தான். ஆனால் கன்ட்ரோலருக்கு ஒரு சேனலில் ஒன்றுக்குப் பதில் ரெண்டு ஸ்டிக் வந்துவிட்டால் சிக்னல் சுமை கூடுகிறது. ரைசன் 5000-க்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது ரெண்டு ஸ்டிக்கில் 3200, நாலு ஒற்றை ரேங்க் (ரேங்க் என்பது ஸ்டிக்கில் சேர்ந்து வேலை செய்கிற ஒரு சிப் தொகுதி) ஸ்டிக்கில் 2933, நாலு இரட்டை ரேங்க் என்றால் 2666. ரைசன் 7000-இல் நாலு ஸ்டிக் போட்டால் வெறும் 3600. இதற்கு மேல் ஓடினால் அது நம் சிப்பின் நல்ல மனசு. அதோடு எக்ஸ்எம்பி, ஏஎம்டி-யின் அதே மாதிரி செட்டிங்கான எக்ஸ்போ ரெண்டுமே ஒரு பெட்டியில் வந்த ஸ்டிக்குகளைச் சேர்த்துச் சோதித்துப் போட்ட எண். ஒரே மாடலாக இருந்தாலும் தனித்தனியாக வாங்கிய ரெண்டு பெட்டிக்குள் வேறு கம்பெனிச் சிப் இருக்கலாம். ஆகவே முடிந்தால் முதலிலேயே பெரிய ரெண்டு ஸ்டிக், ப்ராசஸரில் இருந்து எண்ணினால் ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைக் குளிர்ந்த நாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெபாசிட்டரில் நிற்கும் கொஞ்சூண்டு மின்சாரம். அது ஓட்டைக் குடம் மாதிரி, கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் டிடிஆர்4-இல் 64 மில்லி செகண்டுக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று நிரப்ப வேண்டும் என்று விதி. சூடு ஏறினால் கசிவும் ஏறும். 85 டிகிரியைத் தாண்டினால் இரட்டிப்பு வேகத்தில் நிரப்ப வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. சாதாரண ஸ்பீடில், சாதாரண வோல்டேஜில் இதற்கெல்லாம் நிறைய இடைவெளி விட்டு வைத்திருப்பார்கள். எக்ஸ்எம்பி போட்டு 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி, டைமிங்கை இறுக்கினால் அந்த இடைவெளியைத்தான் நாம் செலவழிக்கிறோம். டிடிஆர்5-இல் வோல்டேஜைச் சீராக்கும் சர்க்யூட்டே ஸ்டிக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதன் சூடும் சேரும். நல்ல வேளை, டிடிஆர்5 ஸ்டிக்கில் சூடு அளக்கிற சென்சார் இருக்கிறது, எச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு முழு வேலையில் இருக்கும்போது அதன் வெந்த காற்று நேராக ரேமைத் தாண்டித்தான் மேலே போகிறது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று வேறு. ஸ்டிக்கின் தங்க முனையில் மெல்லிய படலம் படிந்து டிஸ்ப்ளே வராமல் போகும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம், அவசரத்துக்குச் சரி, ஆனால் தேய்த்த துகள் ஸ்லாட்டுக்குள் போகாமல் பார்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள்.

செய்கிற முறை. ப்ராசஸர் ஓவர்கிளாக்கை முதலில் எடுத்துவிடுங்கள். ரெண்டையும் ஒன்றாக ஏற்றிவிட்டு ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரேமை மட்டும் வைத்து, ரேம் சோதிக்கும் சாஃப்ட்வேரான மெம்டெஸ்ட்86 நாலு சுற்று, அப்புறம் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி. ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், 'ஒண்ணுதானே' என்ற பேச்சே கூடாது. அந்த ஒரு பிட் இன்று ஒரு பிக்சலாக இருக்கும், நாளைக்கு விண்டோஸின் ஃபைல் பட்டியலாக இருக்கும். அது பாஸ் ஆனதும் ப்ராசஸரை ஏற்றுங்கள், கடைசியாகக் கார்டையும் சேர்த்து முழுச் சுமை கொடுத்து, மதியம் பன்னிரண்டில் இருந்து நாலுக்குள் ஒரு சோதனை. ராத்திரி பத்து மணிக்கு ஏசி போட்டுச் சோதித்தது சோதனையில் சேராது. ஏஎம்5 (ரைசன் 7000, 9000-க்கான) போர்டில் முதல் தடவை ரேம் மாற்றினால் திரை கறுப்பாகவே சில நிமிஷம் நிற்கும், அது ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து ஸ்விட்சை அணைக்காதீர்கள். அந்தப் போர்டுகளில் எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகிறது) 1.3-க்கு மேல் கொண்டுபோகவும் வேண்டாம். 2023-இல் சில எக்ஸ்3டி சிப்புகள் கருகியதற்கு அப்புறம் ஏஎம்டி-யே அங்கே வரம்பு கட்டியது. பழைய பயாஸ் வைத்திருந்தால் முதலில் அப்டேட் செய்யுங்கள், யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

2025 கடைசியில் இருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிப் போயிருக்கிறது. இந்த நேரத்தில் ஸ்பீடுக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. முதலில் தேவையான அளவு, ரெண்டு ஸ்டிக்காக; அப்புறம் மீதி இருந்தால் நானோ செகண்ட்.

சித்தி பையன் மெஷினுக்கு வருவோம். ஓவர்கிளாக்கை எடுத்தேன். 3600-இல் மெம்டெஸ்ட் போட்டதும், காலை பத்தரைக்குப் பிழை எதுவும் இல்லை, பன்னிரண்டே முக்காலுக்கு முதல் சிவப்பு வரி வந்தது. ஸ்டிக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டி, 3200-க்கு இறக்கி, சிஎல்லை 16 ஆக்கி, ஃபேப்ரிக்கை 1600-இல் வைத்தேன். அதே பத்து நானோ செகண்ட். முன்பக்கம் ஒரு ஃபேன் கூடுதலாக மாட்டினோம். சித்தி வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரையில் பூஜ்யம். சாயங்காலம் நாலு சுற்றும் முடியும் வரை அதே பூஜ்யம். ப்ராசஸரை மறுபடி ஏற்றி அதே கல்யாணத்தை ரெண்டர் போட்டான், முன்னால் ஆன நேரத்துக்கும் இப்போது ஆன நேரத்துக்கும் அரை நிமிஷம்கூட வித்தியாசமில்லை, பச்சைக் கோடும் இல்லை.

"அப்போ ஏப்ரல்ல கொடுத்ததுல எல்லாம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பார்ட்டிக்குக் கொடுத்து முடித்த மூன்று கல்யாணத்தையும் ஹார்டு டிஸ்க்கில் இருந்து எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தான். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். நெல்லிக்குப்பத்துக் கல்யாணம், மாலை மாற்றுகிற இடம், அதே அகலத்துக்குக் கோடு.